தூண்டில் ராடு கட்ட ஒரு ஸ்டாண்ட்: மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது

நேற்று காலை ஐந்தே முக்காலுக்கு மோட்டார் சுவிட்சை அணைத்தேன். போட்டது முந்தின இரவு ஒன்பதரைக்கு. எட்டேகால் மணி நேரம், ஒரு தடவைகூட நிற்காமல், அந்த நாலடித் தூண்டில் கம்பு தன் பாட்டுக்கு நிமிஷத்துக்கு ஐந்து சுற்று சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு கைடாகப் பார்த்தேன். ஆறு கைடிலும் நூல் கட்டின் மேல் எபாக்ஸி ஒரே கனத்தில், எந்தப் பக்கமும் தொங்காமல் கண்ணாடி மாதிரி உட்கார்ந்திருந்தது. மூன்றாவது கைடின் காலருகே மட்டும் ஒரு கொசு. அதைப் பற்றிப் பிறகு.

இந்த ஸ்டாண்டை நான் மூன்று தடவை செய்திருக்கிறேன். முதல் இரண்டும் ஏன் சொதப்பின என்று மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

ராடு கட்டிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் முழு ராடாக வாங்காமல், கார்பன் பிளாங்க் (எதுவும் மாட்டாத வெறும் கம்பு), கைடுகள், ரீலைப் பொருத்தும் சீட், பிடி என்று தனித்தனியாக வாங்கி நாமே சேர்ப்பதுதான் இந்த வேலை. கைடு என்பது தூண்டில் நரம்பு ஓடும் வளையம். அதன் காலைப் பிளாங்க்கின் மேல் வைத்து, நைலான் நூலை இழைக்கு இழை ஒட்டிச் சுற்ற வேண்டும். பிறகு நூலின் மேல் எபாக்ஸி, அதாவது இரண்டு பாகத்தைக் கலந்தால் இறுகும் பசையால் பூச்சு. எபாக்ஸி இறுகும்வரை கம்பைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பூச்சு கீழ்ப்பக்கம் வழிந்து துளியாகத் தொங்கிவிடும். சுற்றுவதற்கும் உலர்த்துவதற்கும் கம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் ஸ்டாண்ட். வாங்கவும் கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் கூலியோடு சேர்த்து அது ராடு விலையைத் தாண்டிவிடும்.

நான் இருப்பது தூத்துக்குடி. சாயங்காலம் முயல் தீவுப் பக்கம் போய்ப் பாறை மீனுக்கும் விளமீனுக்கும் தூண்டில் போடுவேன். உப்புக் காற்றில் மலிவான ராடுகளின் கைடு காலெல்லாம் ஒரே வருஷத்தில் துருப்பிடித்து நூலுக்குள்ளேயே வீங்கி, மேல் பூச்சு வெடித்துவிடுகிறது. பழைய கைடை அறுத்து எடுத்துவிட்டுப் புதிது கட்டிக் கட்டித்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது.

முதலில் ஸ்டாண்டே கிடையாது. செருப்பு டப்பா இரண்டை எடுத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் 'V' வடிவில் வெட்டி, அதில் கம்பை வைத்தேன். நூல்கண்டை ஒரு டம்ளருக்குள் போட்டு, நூலைக் கனமான லிஃப்கோ டிக்‌ஷனரியின் நடுப்பக்கத்துக்குள் விட்டு மறுபக்கம் இழுத்தால் நல்ல விறைப்பு கிடைக்கும். இன்னும் விறைப்பு வேண்டுமென்றால் டிக்‌ஷனரி மேல் இன்னொரு புத்தகம். சிரிக்க வேண்டாம், ஒரே ஒரு கைடை மாற்றுவதற்கு இது தாராளமாகப் போதும். இன்றைக்கும் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். பிரச்சினை உலர்த்துவதில்தான். மூன்று நிமிஷத்துக்கு ஒருதரம் கையால் கால் சுற்று திருப்ப வேண்டும், அதுவும் இரண்டு மூன்று மணி நேரம். இரவு பதினொன்றரைக்குத் தூங்கிவிட்டேன். காலையில் ஐந்து கைடிலும் ஐந்து கண்ணீர்த்துளி.

சரி, ஒழுங்காக ஒன்று செய்வோம் என்று இறங்கினேன். 18 மி.மீ. பிளைவுட்டில் மூன்று தாங்கிகள், மேலே 90 டிகிரி 'V' வெட்டு, உட்பக்கம் சைக்கிள் டியூப் ஒட்டியது. நான்கடிப் பலகையில் 45 சென்டிமீட்டர் இடைவெளியில் ஃபெவிகால் போட்டு ஸ்க்ரூவும் அடித்தேன். உப்புத்தாள் போட்டு, வார்னிஷ்கூட அடித்தேன். ஷோகேஸில் வைக்கிற மாதிரி இருந்தது. செலவு 350 ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க.

மறுநாள் என் இரண்டு துண்டு ராடின் பிடிப்பக்கத் துண்டை ஏற்றி, பெரிய கைடை டேப் போட்டு நிறுத்தி, அரைச் சுற்று திருப்பினேன். டொக் என்று பலகையில் இடித்தது. காலிபரை எடுத்து அளந்து பார்த்தால், பிளாங்க்கின் நடுவிலிருந்து அந்தக் கைடின் தலை 38 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. என் 'V' வெட்டின் அடி பலகையிலிருந்து 30 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. கம்பு சுற்றும், அதோடு கைடும் சுற்றும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கம்பைப் படுக்க வைக்க ஒரு கட்டில் செய்திருக்கிறேன், அவ்வளவுதான். இதை ஒத்துக்கொள்ள மனம் வராமல், கைடு வரும் இடத்தில் பலகையை உளியால் குடைந்து பள்ளம் போட்டேன். அடுத்த கைடு வேறு இடத்தில் வந்தது. இன்னொரு பள்ளம். மூன்றாவது கைடு சரியாகத் தாங்கியின் மேலேயே வந்து உட்கார்ந்தது. தாங்கியை நகர்த்த வழியில்லை, ஃபெவிகால் நன்றாகவே பிடித்திருந்தது.

சைக்கிள் டியூபும் தப்பு. ரப்பர் கார்பனைக் கவ்விப் பிடிக்கிறது. கம்பை மெதுவாகத் திருப்பினால் நகராது, கொஞ்சம் அழுத்தினால் வெடுக்கென்று குதிக்கும். ஒவ்வொரு குதிப்புக்கும் நூல் ஒரு இழை ஏறிக்கொள்ளும்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒரு காலத்தில் தோணி கட்டிய ஓடாவி. தோணி வேலை குறைந்த பிறகு கதவு, ஜன்னல் என்று பார்த்தார். இப்போது கண் சரியில்லை என்று உட்கார்ந்துவிட்டார். வாசலில் வைத்து நான் மூன்றாவது பள்ளத்தைக் குடைந்துகொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"என்ன தம்பி, கவட்டைய வரிசையா நட்டு வச்சிருக்கிய?"

சொன்னேன். கம்பை வாங்கி உருட்டிப் பார்த்தார். ஒரு முனை தடி, ஒரு முனை ஊசி.

"இந்தக் கவட்டை மூணும் ஒரே உசரம். கம்பு ஒரே தடியா இல்லியே. மெல்லிசுப் பக்கம் உள்ள எறங்கிப் போவும். மோட்டார மாட்டுனா அது ஒரு பக்கம் இழுக்கும், இது ஒரு பக்கம் இழுக்கும்."

"பிறகு என்ன செய்ய அண்ணாச்சி?"

"மொதல்ல நூலப் பிடிங்க. பொறவுதான் மரம். நீங்க மரத்த அறுத்துட்டு நூலத் தேடுதிய."

அவர் சொன்னது நூல் கட்டு இல்லை, நூல் பிடிப்பது. தோணிக்கு ஏரா, அதாவது அடிமரம், போடும்போது இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுக்கோட்டு நூலை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் மற்ற எதையும் தொடுவார்களாம். கம்பின் நடு எங்கே ஓடப்போகிறது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். மோட்டார், தாங்கி எல்லாம் அந்தக் கோட்டுக்கு வந்து சேர வேண்டும். நான் பலகையிலிருந்து மேலே ஏறி வந்தேன். கோட்டிலிருந்து கீழே இறங்கியிருக்க வேண்டும்.

உள்ளே போய்க் காலிபரால் பார்த்தேன். என் பிளாங்க் 8 அடி, இரண்டு துண்டு. நுனித் துண்டு தடித்த முனையில் 8 மி.மீ., நுனியில் 2 மி.மீ. இதை ஒரே அளவு 'V' இரண்டில் வைத்தால் நுனியின் நடு கிட்டத்தட்ட 4 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது. கையால் சுற்றும்போது இது தெரியாது. மோட்டார் மாட்டினால்தான் தெரியும்.

இரண்டாம் முயற்சிக்கு அடித்தளமாகப் பழைய இரும்புக் கடையில் ஸ்லாட்டட் ஆங்கிள் வாங்கினேன். யாரோ கடை ரேக்கைப் பிரித்துப் போட்டது. வரிசையாக ஓட்டை இருப்பதால் தாங்கியை எங்கே வேண்டுமானாலும் போல்ட் போட்டு நிறுத்தலாம். இந்த வேலைக்கென்றே செய்தது மாதிரி ஒரு பொருள். ஐந்தடியில் இரண்டு, 50 மி.மீ. இடைவெளி விட்டு இணையாக, குறுக்கே மூன்று சின்னத் துண்டு. எல்லாம் சேர்ந்து 3.8 கிலோ, கிலோ 60 ரூபாய், 228 ரூபாய் ஆனது. துருவை உரசி ஒரு கோட் பெயின்ட் அடித்தேன். வார்னிஷ் ஆசை அப்போதே போய்விட்டது.

தாங்கிகளுக்கு அண்ணாச்சி தேக்குத் துண்டுகள் கொடுத்தார், காசு வாங்கவில்லை. 150 மி.மீ. உயரம், 60 அகலம், 20 கனம். ஏழு துண்டு அறுத்தேன். ஒவ்வொன்றின் கீழ்ப் பாதியிலும் 40 மி.மீ. நீளத்துக்கு நெட்டுக்குத்தாக ஒரு பிளவு. மேலேயும் கீழேயும் 6.5 மி.மீ. டிரில் போட்டு, இடையில் ஜிக்சாவால் அறுத்து அரத்தால் தேய்த்தால் ஆயிற்று. அதன் வழியாக எம்6 போல்ட், பின்னால் எல் ஆங்கிள், விங் நட். நட்டைத் தளர்த்தினால் தாங்கி மேலும் கீழும் போகும். பக்கவாட்டு நகர்வு எல் ஆங்கிளின் ஓட்டையிலேயே கொஞ்சம் கிடைக்கிறது.

நடுக்கோட்டு உயரத்தை 110 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன். 38 மி.மீ. கைடுக்கு இது ரொம்ப அதிகம்தான். ஆனால் அடியில் கைவிட்டு நூல் முனையைப் பிடிக்கவும், சிந்தும் எபாக்ஸிக்குக் காகிதம் விரிக்கவும் அந்த இடம் வேண்டியிருக்கிறது.

இந்த முயற்சியில் எனக்குப் பெருமையாக இருந்தது பேரிங். 608 என்று கேட்டால் எந்தக் கடையிலும் கொடுப்பார்கள். உள்துளை 8, வெளிவிட்டம் 22, கனம் 7 மி.மீ. எட்டு வாங்கினேன், ஒன்று 30 ரூபாய். ஒரு தாங்கிக்கு இரண்டு பேரிங், அவற்றின் நடுப் பள்ளத்தில் கம்பு உருளும். பக்கத்துப் பக்கத்தில் வைத்தபோது தடித்த முனை அழகாக உருண்டது. 2 மி.மீ. நுனி இரண்டுக்கும் நடுவே தொப்பென்று விழுந்தது. சரி என்று ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாக வைத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்படி செய்தேன். போல்ட் மையங்களுக்கு 18 மி.மீ. இடைவெளி கொடுத்ததில், பின் பேரிங்கைப் பிடிக்கும் நட்டின் மூலை முன் பேரிங்கில் உரசியது. 20 மி.மீ. ஆக்கினேன், சரியாயிற்று. முன் பேரிங்குக்கு அடியில் 8 மி.மீ. கனத்துக்கு வாஷர் அடுக்க வேண்டும். வீணாய்ப் போன இரண்டு தேக்குத் துண்டில் ஒன்று இப்போது வீட்டில் கதவுக்கு ஆப்பு.

புது பேரிங்கில் கிரீஸ் கெட்டியாக இருக்கும். பிளாங்க்கின் நுனிக்குக் கனமே இல்லை. அதனால் பேரிங்கைச் சுழற்றத் தெம்பில்லாமல் அதன் மேல் வழுக்கிக்கொண்டே இருந்தது. பிளேடால் ரப்பர் சீலைக் கிளப்பி, பெட்ரோலில் கழுவி, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். ஊதினாலே சுற்றுகிறது இப்போது. இரும்பு கார்பனைக் கீறாமல் இருக்க வெளிப்பக்கம் சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் டியூப் ஒரு சுற்று.

இத்தனை லாவகமாக உருளும் ஸ்டாண்டில் நூல் சுற்ற உட்கார்ந்தேன். நாலு சுற்று சுற்றிவிட்டு, இழையை நகத்தால் ஒதுக்கலாம் என்று கையை எடுத்தேன். விறைப்பாக இருந்த நூல் கம்பைப் பின்னால் இழுத்து, நாலு சுற்றையும் உருவிப் போட்டுவிட்டது. மறுபடி. மறுபடியும். எதைப் பெருமையாக நினைத்தேனோ அதுதான் இங்கே எதிரி. நூல் சுற்றும்போது கை எடுத்த இடத்தில் கம்பு நிற்க வேண்டும். உலரும்போது தடையே இருக்கக் கூடாது. ஒரே தாங்கி இரண்டு வேலைக்கும் ஆகாது. இணையத்தில் பார்த்த படங்களில் இரண்டு விதத் தாங்கியும் இருந்தன. இரண்டில் ஏதாவது ஒன்று போதும் என்று நினைத்திருந்தேன். இரண்டும் வேண்டும்.

ஆகவே ஏழு தாங்கியில் நான்கு பேரிங், மூன்று 'V'. 'V'யின் உட்புறம் டியூபுக்குப் பதில் வெல்வெட் துணி, தையல் கடையில் 25 ரூபாய்க்குத் துண்டாகக் கொடுத்தார்கள். மெதுவாகத் திருப்பினால் மெதுவாகத் திரும்புகிறது, விட்டால் நிற்கிறது. மேலே ஒரு ரப்பர் பேண்டைக் குறுக்கே மாட்டினால் இன்னும் உறுதி. வெல்வெட்டை ஒட்டும்போது பசை மேலே ஊறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு தாங்கியில் ஊறி முரடாகிவிட்டது.

டிக்‌ஷனரிக்கும் ஓய்வு கொடுத்தேன். தையல் மெஷின் உதிரி கடையில் டென்ஷன் டிஸ்க் செட் 40 ரூபாய். இரண்டு தட்டு, ஒரு ஸ்பிரிங், ஒரு திருகு. அதை ஒரு மரத்துண்டில் பொருத்தி ஆங்கிளிலேயே நகரும்படி வைத்தேன். விறைப்பு எவ்வளவு என்பதற்கு என் அளவு: நூல் முனையில் 60 கிராம் ஈயக்கட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் மெல்ல இறங்க வேண்டும். சட்டென்று விழுந்தால் தளர்வு, அசையாமல் நின்றால் அதிகம். அதிகமாக இறுக்கிக் கட்டினால் பிறகு கைடை நேர்படுத்த ஒரு பக்கம் தள்ளும்போது நகராது.

இனி மோட்டார். ஏர் கூலரில் காற்றுத் தடுப்பை அசைக்க ஒரு சின்ன மோட்டார் இருக்குமே, ஸ்விங் மோட்டார், அதுதான். 140 ரூபாய். மேலே 5/6 ஆர்பிஎம் என்று போட்டிருக்கும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டில் நிமிஷத்துக்கு ஐந்து சுற்று, எபாக்ஸிக்கு நல்ல வேகம். 230 வோல்ட் நேரடியாக வருவதால் முனைகளைத் திறந்து போடக் கூடாது. பிளாஸ்டிக் சுவிட்ச் பாக்ஸுக்குள் மோட்டாரை வைத்துத் தண்டு மட்டும் வெளியே வரும்படி ஓட்டை போட்டேன். சுவிட்ச், ஒயர், பிளக், பாக்ஸ் சேர்த்து 180.

இந்த மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. போடும்போது எந்தப் பக்கம் சுற்றும் என்று சொல்ல முடியாது. சுற்றிக்கொண்டிருக்கும்போது எதிலாவது முட்டினால் அப்படியே திரும்பி எதிர்ப்பக்கம் சுற்றும். கூலரில் அது வசதி. எனக்கு எப்படி வினையாயிற்று என்று சொல்கிறேன்.

மோட்டார் தண்டையும் கம்பையும் இணைக்க ஒரு கவ்வி வேண்டும். பிவிசி எண்ட் கேப் எடுத்து, நடுவில் தண்டுக்கு ஓட்டை, சுற்றிலும் நான்கு எம்4 ஸ்க்ரூ. உடைந்த பழைய ராடு ஒன்றை உள்ளே விட்டு நான்கு பக்கமும் இறுக்கினேன். டிக் என்று ஒரு சத்தம். கார்பன் குழாய் நீளவாக்கில் விரிசல் விட்டுவிட்டது. நல்ல வேளை, பழைய ராடு. புது பிளாங்க் என்றால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும். பயந்துபோய் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, ரப்பர் பேண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாட்டி அவற்றின் நடுவில் கம்பைச் செருகினேன். பிடி மென்மையாக இருந்தது. ஒரு ராத்திரி அப்படியே ஓட விடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த ராத்திரி எபாக்ஸி பூசி, பத்து நிமிஷம் நின்று பார்த்தேன். சுற்றியது. சாப்பிடப் போனேன், அப்புறம் போனில் ஒரு பேச்சு, இரண்டு மணி நேரம் கழித்து வந்தேன். கம்பு சுற்றவில்லை, ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அரைச் சுற்றும் கொஞ்சமும், டக், இந்தப் பக்கம் அரைச் சுற்றும் கொஞ்சமும், டக். கம்பு நெடுக்காக 6 மி.மீ. முன்னால் நகர்ந்திருந்தது. அதனால் நாலாவது கைடு பேரிங்கில் போய் முட்டியிருக்கிறது. முட்டியதும் மோட்டார் திரும்பும், மறுபக்கம் போய் முட்டும், மறுபடி திரும்பும். எவ்வளவு நேரம் இந்தக் கூத்து நடந்ததோ, கைடு மேலேயே இருந்ததால் எபாக்ஸி எல்லாம் அடிப்பக்கம் சேர்ந்து முதுகு வளைந்த மாதிரி இறுகிக்கொண்டிருந்தது.

கம்பு ஏன் நகர்ந்தது என்று கண்டுபிடிக்க ஒரு முழு சாயங்காலம் ஆயிற்று. பென்சிலால் ஒவ்வொரு தாங்கி இருந்த இடத்திலும் கம்பில் குறி போட்டு, மோட்டாரை ஓட விட்டு, தாங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது தாங்கியை எடுத்ததும் நகர்வது நின்றது. அந்தத் தாங்கி கம்புக்கு நேராக இல்லாமல் லேசாகக் கோணியிருந்தது, கண்ணுக்கே தெரியாத கோணல். பேரிங் கோணலாக நின்றால் கம்பைத் திருகாணி மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது. ரப்பர் பேண்ட் அதைத் தடுக்காது.

அண்ணாச்சி சொன்னதில் பாதியைத்தான் செய்திருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. உயரத்துக்கு நூல் பிடித்தேன், திசைக்குப் பிடிக்கவில்லை. மறுபடி எல்லாத் தாங்கியையும் கழற்றினேன். மோட்டார் தண்டின் நடுவில் ஒரு குண்டூசி, எதிர் முனையில் ஒரு ஆணி, இடையில் மெல்லிய பின்னல் நரம்பு, அதன் முனையில் ஈயக்கட்டி தொங்கவிட்டு விறைப்பாக்கினேன். ஒவ்வொரு தாங்கியின் முகத்துக்கும் நரம்புக்கும் மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்தி, போல்டை முறுக்கினேன். தேக்குக்கும் எல் ஆங்கிளுக்கும் நடுவே சில இடத்தில் தீப்பெட்டி அட்டையைச் செருக வேண்டியிருந்தது. உயரத்துக்கு மூலைமட்டத்திலேயே 110 மி.மீ.யில் ஒரு கோடு கீறிக்கொண்டேன். நரம்பை எடுத்துவிட்டுக் கம்பை ஏற்றி, ஒவ்வொரு தாங்கியிலும் கம்பின் மேல் விளிம்பு அந்தக் கோட்டிலிருந்து பாதி விட்டம் மேலே நிற்கும்படி ஏற்றி இறக்கினேன். 8 மி.மீ. இருக்கும் இடத்தில் 114. நுனியில் 111. அவ்வளவுதான் கணக்கு, 'V' என்றாலும் பேரிங் என்றாலும் இதே.

கவ்விக்கும் வழி கிடைத்தது. கம்பின் முனையில் மாஸ்கிங் டேப்பை 3 மி.மீ. கனத்துக்குச் சுற்றி, ஸ்க்ரூ முனைகளில் சைக்கிள் வால்வ் டியூப் துண்டைக் குல்லாய் மாதிரி மாட்டி, விரலால் மட்டும் இறுக்கினேன். ஸ்க்ரூ டிரைவரைப் பக்கத்திலேயே வைப்பதில்லை. வைத்தால் கை சும்மா இருக்காது.

முதுகு வளைந்த பூச்சைப் புது பிளேடால் மெல்லச் சீவி எடுத்தேன். நூல் வரை போகக் கூடாது, போனால் அந்தக் கட்டையே பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும். இரண்டு கைடில் போய்விட்டது, பிரித்துக் கட்டினேன். மற்றவற்றை உப்புத்தாளால் மங்கலாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டாவது கோட்டுக்குத் தயார் செய்தேன்.

அதுதான் முந்தின இரவு. எபாக்ஸியின் இரண்டு பாகமும் இரண்டு சிரிஞ்சில், 3 மி.லி.யும் 3 மி.லி.யும். ஒன்றுக்கு உரியதை மற்றதற்கு மாற்றாமல் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். நாலு நிமிஷம் மெதுவாகக் கலக்கி, உடனே அலுமினிய ஃபாயிலில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். கிண்ணத்திலேயே விட்டால் சூடாகிச் சீக்கிரம் கெட்டியாகிவிடும். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, ஃபேனை நிறுத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்தேன். இப்போது எங்கள் ஊரில் ஆடிக்காற்று. ஒரு ஜன்னல் இடுக்கு போதும், தேரி மணல் மாதிரி தூசி உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். வேர்த்து ஊற்றியது. கம்பில் ஒரு சொட்டு வேர்வை விழுந்துவிடுமோ என்று நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டு பூசினேன். பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் மாட்டினேன். செருப்பு டப்பா காலத்திலேயே கரன்ட் போய் அனுபவம் இருக்கிறது.

பூசி முடித்து ஸ்டாண்ட் முழுவதையும் கொசுவலையால் மூடினேன். மூடும்போதே ஒன்று உள்ளே இருந்திருக்கிறது.

கணக்கு: ஆங்கிள் 228, பேரிங் 240, மோட்டார் 140, பெட்டி வகையறா 180, போல்ட் நட் வாஷர் 160, எல் ஆங்கிள் ஏழு 84, எண்ட் கேப்பும் ஸ்க்ரூவும் 45, டென்ஷன் டிஸ்க் 40, ஹீட் ஷ்ரிங்க் 30, வெல்வெட் 25. மொத்தம் 1,172 ரூபாய். முதல் ஷோகேஸ் ஸ்டாண்டின் 350-ஐச் சேர்த்தால் 1,522. மரம் இலவசம், அண்ணாச்சிக்கு ஒரு கிலோ விளமீன் கடன் இருக்கிறது.

அடுத்த தடவை என்றால் அடித்தளத்தை ஐந்தடிக்குப் பதில் ஏழடி எடுப்பேன். ஒரே துண்டு ராடு கட்ட ஆசை வந்தால் இதில் இடம் பத்தாது. பேரிங் தாங்கி நான்கு தேவையில்லை, நாலடித் துண்டுக்கு மூன்றே போதும், நான்காவது இன்னும் ஒரு கோணலுக்கு வாய்ப்புதான். பிளவை 40 மி.மீ.க்குப் பதில் 25 மி.மீ. வெட்டுவேன். நீளப் பிளவில் தாங்கி ஆட்டம் கொடுக்கிறது. மோட்டார் பெட்டியை மரத்தில் நிற்க வைத்தது சரியில்லை, அதுவும் ஏறி இறங்கும்படி இருந்தால் தாங்கிகளைத் தொடாமலே பாதி வேலை முடிந்துவிடும். நுனியில் கடைசி ஒரு சாண் இன்னும் லேசாகத் துடிக்கிறது. அது பிளாங்க்கின் வளைவா, தாங்கி தூரமாக இருப்பதாலா என்று அடுத்த ராடில்தான் தெரியும்.

கொசுவை எடுக்கவில்லை. பிளேடு வைத்தால் அந்தப் பூச்சு முழுக்கப் போகும், அது மீன் பிடிப்பதைத் தடுக்கப் போவதுமில்லை. இன்று இரவு பிடிப்பக்கத் துண்டை ஏற்றுகிறேன், 38 மி.மீ. கைடு உள்ளது. சாயங்காலமே கையால் முழுச் சுற்று திருப்பிப் பார்த்துவிட்டேன், எதிலும் இடிக்கவில்லை. வீட்டில் கொசுவலையைத் திருப்பிக் கேட்கிறார்கள். இன்னும் ஒரு ராத்திரி என்று சொல்லியிருக்கிறேன்.